படம் முழுக்க அவன் குரல்

சூசைதாசனுக்கு எதையும் திறந்தபடி விட்டுவைக்கப் பிடிக்காது. குழாய் சொட்டினால் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் இறுக்கிவிட்டு வருவார். ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் 'ஆரடா லைற்றை நூராமல் விட்டது?' என்று வீடு அதிர ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் அதை அணைப்பார். டிசம்பர் கடைசி நாளில், அவர் வந்து குடியேறிய டேனிஷ் நகரமான ஹொல்ஸ்டெப்ரோவே தெருவில் நின்று வாணம் விடும்போது, அவர் வீட்டில் மட்டும் ஜன்னலும் மூடியிருக்கும், ஜன்னல் சீலையும் இழுத்து மூடியிருக்கும். இத்தனை வருடமாக ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிற மனிதர் ஒரு ஜன்னலைத் திறந்து நாங்கள் கண்டதில்லை என்று அங்குள்ள தமிழ் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள்.

ஆகவே மகன் ஸ்ரிபன் செத்த பிறகும் அவர் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் பார்த்தார். கோப்பன்ஹேகனில் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போன பிள்ளையை, வலப்பக்கம் திரும்பிய லொறி ஒன்று கவனியாமல் அடித்துவிட்டது. இருபத்தாறு வயது. அடக்கம் முடிந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, வந்த சனம் எல்லாம் போன பிறகு, பிள்ளை திறந்து வைத்துவிட்டுப் போனவற்றை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். வாடகை அறையை மூடினார். வங்கிக் கணக்கை மூடினார். கடைசியாக ரெலிபோன் நம்பரையும் நிற்பாட்டினார்.

மனைவி பற்றிமா ஒவ்வொரு நாளும் அந்த நம்பருக்கு எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்ததும், உடுப்பு மாற்றுகிற அறையில் ஒரு மூலையில் நின்று எடுப்பாள். நாலைந்து தரம் மணி அடித்த பிறகு, 'நான் ஸ்ரிபன், இப்போது எடுக்க முடியாது, விஷயத்தைச் சொல்லிவிட்டு வையுங்கள்' என்று டேனிஷில் அவன் குரல் வரும். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அதன் பிறகுதான் அவளால் வீட்டுக்கு வர முடிந்தது.

ஒருநாள் அவன் குரல் வருகிற இடத்தில் யாரோ ஒரு பெண், இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று சொன்னாள்.

பற்றிமா வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள். "தம்பியின்ரை போனை நீங்களோ நிப்பாட்டினது?"

"ஓம். பாவிக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

"அதிலை அவன்ரை குரல் இருந்தது."

அவ்வளவுதான். அவள் ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏச்சுக்கு மறு ஏச்சு கொடுத்து அவர் நன்றாகப் பழகியவர். அவளோ அதற்குப் பிறகு கதைப்பதையே குறைத்துவிட்டாள். சாப்பாடு மேசையிலை. மழை தூறுது. நாளைக்கு எனக்குப் பின்னேர வேலை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பேருந்துத் தரிப்பில் நிற்கிற அந்நியர்கள் மாதிரி இருந்தார்கள்.

சூசைதாசன் சும்மா இருக்கவில்லை. போன் கொம்பனிக்கு எடுத்துக் கெஞ்சிப் பார்த்தார். போனது போனதுதான் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பிறகு வீட்டில் தேடினார். மகன் சின்ன வயதிலிருந்தே கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு திரிந்தவன். மழையைப் பிடிப்பான், கதவு கிரீச்சிடுவதைப் பிடிப்பான், தகப்பன் குறட்டை விடுவதையும் பிடிப்பான். எல்லோருடைய சத்தத்தையும் பிடித்தவனின் குரலைப் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதில் அவன் கோயிலில் முதல்நன்மை வாங்கிய நாள் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக் கால்சட்டையோடு பிள்ளை வாய் திறந்து ஏதோ சொல்கிறான், சிரிக்கிறான். ஆனால் எங்கள் வீடியோக்காரர்கள் எந்த விசேஷத்தைத்தான் பாட்டில்லாமல் விட்டிருக்கிறார்கள்? தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சினிமாப்பாட்டு. அந்தப் பாட்டை விலக்கிவிட்டு உள்ளே போய்க் கேட்க ஒரு வழி இருந்தால் சூசைதாசன் தன் கையில் ஒன்றை வெட்டிக் கொடுத்திருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான், ஆண்டு நினைவுக்கு ஒரு மாதம் முன்பு, கோப்பன்ஹேகனிலிருந்து அழைப்பு வந்தது. மகன் வேலை செய்த ஒலிப்பதிவு ஸ்ரூடியோவில் இருக்கிற கிர்ஸ்தன் என்ற பெண். மகன் எஞ்சினியர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த ஸ்ரூடியோவில் சேர்ந்த நாளிலிருந்து சூசைதாசனுக்கு அதன் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. சத்தம் போடுறதுக்கும் சம்பளமோ என்று ஒருதரம் கேட்டிருக்கிறார். அதனால் முதலில் விறைப்பாகத்தான் கதைத்தார். கிர்ஸ்தனின் தலைநகர டேனிஷ் கடுகதி ரயில் மாதிரி ஓடியது. ஹொல்ஸ்டெப்ரோப் பக்கத்து யூலாந்துப் பேச்சுக்குப் பழகிய காதுக்கு அதில் பாதிதான் ஏறியது.

ஏறியது இவ்வளவுதான். ஓர் அமெரிக்கப் படம் தியேட்டருக்கு வருகிறது. ஒலி வேலை முழுவதும் கோப்பன்ஹேகனில்தான் நடந்தது. கொமான்சி என்ற செவ்விந்திய இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் வேட்டைக்காரனின் கதை. வானத்திலிருந்து விழுந்த ஏதோ ஒரு ஜந்துவை அவன் வேட்டையாடுகிறான். அதில் ஸ்ரிபனின் குரல் இருக்கிறது. கொஞ்சமில்லை, படம் முழுக்க இருக்கிறது.

"படம் முழுக்கவோ?" என்று சூசைதாசன் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஓம், படம் முழுக்க என்றாள் அவள். அதற்கு மேல் அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் 'யா, யா, தக்' என்று ஓம் போட்டு நன்றி சொன்னார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அது அவருக்கு வரவில்லை. மண்ணிறத் தோலுள்ள ஒரு வேட்டைக்காரப் பொடியன். மண்ணிறத் தோலுள்ள எங்கள் பொடியன். வெள்ளைக்காரர் வேறு யாரைத் தேடிப் போவார்கள்? தானே கேட்டு, தானே பதில் சொல்லி, அந்தக் கதவையும் மூடிவிட்டார்.

பற்றிமா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதும் கத்தி நின்றது.

"அவன் கதைக்கிறானோ?"

"ஓம். படம் முழுக்கக் கதைக்கிறானாம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் தன் முகத்தை நேரே பார்க்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அந்த ஒரு பார்வைக்காக அவர் அமெரிக்காவுக்கு நடந்தே போயிருப்பார்.

ஓல்போர்க்கில் படிக்கிற மகள் ஜெனுஷாவிடம் போனில் சொன்னபோது அவள் கொஞ்சம் தயங்கினாள். அது பயப்படுத்துகிற படம் அப்பா, ஆட்கள் சாவார்கள், ரத்தம் வரும் என்று டேனிஷில் சொன்னாள். "எங்கடை பிள்ளையின்ரை படம்" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த நாளே ஆண்டு நினைவு அட்டை அடிக்கக் கொடுத்தார். பகல் பன்னிரண்டு மணிக்குத் தமிழ்ப் பூசை என்றும், தொடர்ந்து மண்டபத்தில் மதிய போசனம் என்றும் வழக்கம்போல இருந்தது. அதற்குக் கீழே, ஹொல்ஸ்டெப்ரோ தமிழர் வரலாற்றில் இல்லாத ஒரு வரி: 'அதனைத் தொடர்ந்து அன்னாரின் இனிய குரலில் அமைந்த திரைப்படத்தையும் கண்டுகளிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்.'

சனம் வந்தது. எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்கும் ஆண்டு நினைவுக்கும் வராமல் விடமாட்டார்கள். இப்படி ஒரு அட்டையைக் கண்ட பிறகு வராமல் விடுவார்களா? பூசையில் சுவாமியார் ஸ்ரிபனை ஆண்டவரின் இளம் வேட்டைக்காரன் என்றே ஒரு வசனம் சேர்த்துச் சொன்னார். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் முடிந்த பிறகு, சேலையும் கோட்டுமாக அறுபது பேர் சனிக்கிழமைப் பின்னேரக் காட்சிக்கு நடந்து போனார்கள். முன் வரிசைகளில் சோளப்பொரியோடு இருந்த டேனிஷ் இளசுகள், பட்டுச்சேலைகளும் ஒரு சுவாமியாரும் ஒரு பயங்கரப் படத்துக்கு வரிசையாக வந்து உட்காருவதைப் பார்த்து வாயை மூடவில்லை.

பற்றிமா அடக்கத்துக்குப் பிறகு முதல்தரம் பட்டுச்சேலை உடுத்திருந்தாள். ஒரு பக்கத்தில் சூசைதாசன், மறுபக்கத்தில் ஜெனுஷா. பின்வரிசையில் குருசுமுத்தர், ஊரில் வயது மூத்தவர், எந்த விஷயத்திலும் தன் தலையை முதலில் நீட்டுகிறவர். அவர் குனிந்து கேட்டார். "தம்பி சூசை, எந்த ஆளுக்குப் பொடியன் குரல் குடுத்தவன்?"

"அந்த வேட்டைக்காரனுக்கு அண்ணை. கதாநாயகன்."

விளக்கு அணைந்தது.

முடிவே இல்லாத புல்வெளி. அதில் ஒரு வாலிபன் குதிரையின் காலடித் தடத்தைக் குனிந்து பார்க்கிறான். நல்ல முகவெட்டு, ஒட்டிய வயிறு, கண்ணில் ஒரு பிடிவாதம். பற்றிமா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். அவன் நிமிர்ந்து, தன் தமையனைப் பார்த்து ஏதோ சொன்னான். கொமான்சி மொழி. கீழே டேனிஷில் எழுத்து ஓடியது.

"இது அவனில்லை" என்றாள் பற்றிமா.

"பாஷை வேறையெல்லோ. அதாலை அப்பிடிக் கேக்குது."

வேட்டைக்காரன் இன்னும் இரண்டு வசனம் பேசினான். பெற்ற தாய்க்கு எத்தனை வசனம் வேண்டும்? "இது அவனில்லை, இஞ்சாருங்கோ" என்றாள் மறுபடியும். சூசைதாசனுக்கு வேர்த்தது. "பொறும். இன்னும் ஆக்கள் வருவினம்" என்றார். தமையன் பேசினான். அவனில்லை. பெரியவர் ஒருவர் பேசினார். அவனில்லை. வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் வந்து கத்தினான். அவனுமில்லை. ஒவ்வொரு புது ஆள் வாய் திறக்கும்போதும் பற்றிமா மூச்சை அடக்கினாள். அந்த ஆள் வாயை மூடும்போது அவளுடைய முதுகு கொஞ்சம் கொஞ்சமாக இருக்கையில் சாய்ந்தது. ரெலிபோனையும் நான்தான் கொன்றேன், இப்போது இதையும் நான்தான் கொல்கிறேன் என்று சூசைதாசன் நினைத்தார்.

பிறகு புல்வெளியில் பனிமூட்டம் இறங்கியது. அதற்குள்ளிருந்து அது வந்தது. குதிரையைவிடப் பெரிய உடம்பு. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். கண்ணில்லாதபடியால் அது சத்தம் கொடுத்து, அந்தச் சத்தம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதை அறிந்து வேட்டையாடும். அதன் தொண்டை விரிந்தது. நெஞ்சுச்சளியைக் காறி இழுக்கிறது போல நீண்ட, கரகரத்த ஒரு சத்தம் தியேட்டர் முழுக்க உருண்டது. முன் வரிசையில் ஒரு பெட்டை வீரிட்டாள்.

ஜெனுஷா தாயின் மடிக்கு மேலால் கையை நீட்டித் தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா, அது அண்ணா. அந்த மிருகம்தான் அண்ணா" என்று டேனிஷில் சொன்னாள்.

பின்னால் ஒரு சலசலப்பு ஓடி வரிசை வரிசையாகப் பரவியது. குருசுமுத்தர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சூசைதாசனுக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. அட்டை அடித்து, பூசை வைத்து, சோறு போட்டு, ஊரைக் கூட்டி வந்து, என் பிள்ளை ஒரு பிசாசு என்று காட்டியிருக்கிறேன். அந்த ஜந்து மறுபடி தொண்டையைச் செருமியது. இந்தத் தரம் அவருக்கு வேறொன்று விளங்கியது. அந்தச் செருமல் அவருடையது. ஒவ்வொரு நாள் காலையும் குளியலறையில் அவர் செருமுகிற செருமல். இரண்டு சின்னச் செருமல், ஒரு பெரிய இழுவை. அவரோடு வேலைக்கு ஒரே காரில் போகிறவர்களுக்கும் அது விளங்கிவிட்டது. யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

வேட்டைக்காரனின் தமையனை அது துரத்தியது. ஓடுகிறவன் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினான். ஜந்து தலையை ஆட்டி ஆட்டி, அடிவயிற்றிலிருந்து இழுத்து, இடியை நீட்டினது போல ஒன்று சொன்னது. அதற்குக் கீழே எழுத்து ஓடவில்லை. தேவையும் இல்லை. தமிழருக்கு அது தெளிவாகவே கேட்டது.

"ஆ...ர...டா... லைற்றை... நூராமல்... விட்டது?"

டேனிஷ் பிள்ளைகள் கத்தினார்கள். தமிழ் வரிசைகள் வெடித்துச் சிரித்தன. சுவாமியாரும் சிரித்தார். ஜந்துவின் பேச்சு ஒருவருக்கும் விளங்கக் கூடாது என்று ஸ்ரூடியோவில் கேட்டிருப்பார்கள். அப்படி ஒரு பாஷைக்கு ஸ்ரிபன் எங்கே போவான்? வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தாய் தகப்பனுக்கு ஒரு தமிழ்ச் சொல் பதிலாகச் சொல்லாத பிள்ளை, படம் முழுக்கத் தமிழில் ஏசிக்கொண்டு திரிந்தான்.

சூசைதாசன் சிரிக்கவில்லை. மகனுக்குத் தான் யாராக இருந்தேன் என்பது இவ்வளவு பெரிய திரையில் அவருக்குத் தெரிந்தது. பயம் காட்ட வேண்டும் என்றதும் பிள்ளைக்கு முதலில் ஞாபகம் வந்தது அப்பாவின் குரல்தான். அதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? எழுந்து வெளியே போகத் தெண்டித்தார்.

ஒரு கை அவர் கையைப் பிடித்து இழுத்து இருத்தியது. பற்றிமாவின் கை. பத்து மாதமாக அவரைத் தொடாத கை.

"இருங்கோ" என்றாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அவன் கதைக்கிறான்."

அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் இரண்டு படம் ஓடியது. முன்னால் இருந்தவர்கள் வேட்டைக்காரன் பிழைக்க வேண்டும் என்று பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ஜந்து பிழைக்க வேண்டும் என்று பார்த்தார்கள். சிரிப்பு மெல்ல மெல்ல ஓய்ந்தது. இந்தக் குரல் எவ்வளவு நேரத்துக்கு என்பது எல்லோருக்கும் உறைக்கத் தொடங்கியது. தமையனைப் பறிகொடுத்த அந்த வாலிபன் கெட்டிக்காரன். எருமைத்தோலின் அடர்ந்த மயிர் சத்தத்தை விழுங்கிவிடும், திருப்பி அனுப்பாது என்று கண்டுபிடித்துவிட்டான். பெரிய எருமைத்தோலொன்றைப் போர்த்திக்கொண்டு, ஈட்டியோடு புல்லில் ஊர்ந்து வந்தான். ஜந்து கூப்பிட்டுப் பார்த்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. மறுபடி கூப்பிட்டது. பற்றிமா செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கியிருந்தாள். எங்கள் சபையில் ஒரு பிசாசுக்காகச் செபமாலை சொல்லப்பட்டது அன்றைக்குத்தான்.

ஈட்டி ஏறியது. ஜந்து சாய்ந்து விழுந்தது. வேட்டைக்காரன் தோலை விலக்கிவிட்டு, நடுங்கிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றான். அதன் தொண்டை கடைசித் தரம் அசைந்தது. இப்போது இழுவை இல்லை, கரகரப்பு இல்லை, இடி இல்லை. சும்மா ஒரு பையனின் குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, மிகவும் மெல்ல.

"ஒண்டுமில்லை அப்பு. அப்பா இஞ்சை நிக்கிறன்."

முன் வரிசைகளில் இளசுகள் கைதட்டி விசிலடித்தார்கள். ஜந்து செத்துவிட்டது.

சூசைதாசனுக்கு அந்தக் கைதட்டல் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது வாணம். டிசம்பர் கடைசி இரவுகளில் தெரு முழுக்க வெடிக்க வெடிக்க, மூடின ஜன்னலுக்கு இந்தப் பக்கம், தடித்த போர்வைக்குள்ளே அவரும் நாலு வயது மகனும். பிள்ளை பயப்படுகிறான் என்று பற்றிமாவுக்குச் சொல்லியிருந்தார். உண்மையில் பயந்தது யார் என்று அவருக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும். ஷெல் விழுகிற ஊரில் வளர்ந்த உடம்புக்கு, இது கொண்டாட்டம் என்று சொன்னால் விளங்குமா? ஒவ்வொரு வெடிக்கும் அவர் உடம்பு துள்ளும். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, ஒண்டுமில்லை அப்பு, அப்பா இஞ்சை நிக்கிறன் என்பார். பிள்ளை போர்வைக்குள்ளிருந்து 'ம்' என்பான். அந்த 'ம்' வந்தால்தான் அவருக்கு அடுத்த மூச்சு வரும். பிறகு பிள்ளை வளர்ந்து தெருவுக்குப் போய் மற்றவர்களோடு வாணம் விடத் தொடங்கினான். அவர் அதை மறந்துவிட்டார். அவன் மறக்கவில்லை.

விளக்கு எரிந்தது. பெயர்கள் ஓடி முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை. மகனுடைய பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயராகத் தன்னுடைய பெயரும் திரையில் வந்து மேலே போவதைச் சூசைதாசன் பார்த்தார். சனம் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். குருசுமுத்தர் அன்றைக்குக் கடைசி ஆளாக வந்தார். ஜெனுஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு நடக்கிறேன் என்று போனாள். விளக்குமாறோடு வந்த பெட்டை வாசலில் தயங்கி நின்றாள்.

பற்றிமா இருந்த இடத்தில் இருந்தாள். "தமிழ் மறந்துபோனான் எண்டெல்லோ நினைச்சனான்" என்றாள். பிறகு, "இன்னொருக்காக் கேக்க வேணும்" என்றாள்.

லைற் வீணாக எரிந்தால் பொறுக்காத மனிதர், பார்த்த படத்துக்கே மறுபடி இரண்டு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த காட்சிக்கு அதிகம் பேர் இல்லை. சூசைதாசன் இந்தத் தரம் வேட்டைக்காரனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன் செருமலையும் தன் ஏச்சையும் மகனின் வாயால் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாக ஏசுகிறான் என்று முதலில் நினைத்த இடமெல்லாம், இப்போது அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் இருந்திருக்கிறது என்று கேட்டது. பற்றிமாவின் கை அவர் கைக்குள் இருந்தது. பனி இறங்கியது. எருமைத்தோல் ஊர்ந்து வந்தது. ஈட்டி ஏறியது.

"ஒண்டுமில்லை அப்பு. அப்பா இஞ்சை நிக்கிறன்."

இருட்டுக்குள் சூசைதாசன், "ம்" என்றார்.